எரியாத மருந்து

எங்க வீட்டுக்காரரு பேரை நான் வாயால சொல்றதில்ல. ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதணும்னு சிஸ்டர் கேட்டப்ப சொல்லித்தான் தீரணும்னு ஆயிப்போச்சு. சங்கிலிப்பாண்டி, வயசு முப்பத்தஞ்சு, பணி துப்பாக்கிக் கடையில. என்ன அசுகம், ஒடம்புக்கு என்னன்னு கேட்டாங்க. சாராயம்னு சொன்னேன். அன்னைக்கு அதை நெசம்னுதான் நெனச்சேன். மறுநாள் காலையில அது இல்லைன்னு தெரிஞ்ச பெறகும் சாயங்காலம் வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருந்தேன்.

மொதல்ல இருந்து சொல்றேன். எனக்கு ஊரு சாத்தூர்ப் பக்கம். என் அக்கா சீனியம்மாள் அங்க தீப்பெட்டி ஆபீசுல குச்சிக்கு மருந்து முக்குற எடத்துல வேலை பாத்தா. ஒரு வெள்ளிக்கிழமை காலையில அந்த ஷெட்டு தீப்பிடிச்சுக்கிச்சு. அவளை அடையாளம் சொல்ல என்னைத்தான் கூட்டிட்டுப் போனாங்க. கால் மெட்டியை வச்சுத்தான் சொன்னேன். அன்னையில இருந்து தீன்னா எனக்கு ஒதறல். அடுப்பு பத்தவைக்கையிலகூட மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவேன். சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும், பாத்தவளுக்குத்தான் தெரியும்.

கல்யாணமாகி மலையாளக்கரையில மட்டாஞ்சேரிக்கு வந்தேன். அவரு வேலை பாத்த துப்பாக்கிக் கடை பஜாருக்குள்ள, சுக்கு குடோனுக்கும் ஒரு சாயாக்கடைக்கும் நடுவுல. மொதலாளி வெங்கிடராமன், பாலக்காட்டுச் சாமி. லைசன்ஸ் வச்சிருக்கவங்க துப்பாக்கியெல்லாம் பழுது பாக்கவும் சுத்தம் பண்ணவும் அங்க வரும். நான் மொதல்ல பக்கத்து குடோனுல சுக்கு பொறுக்கிக்கிட்டிருந்தேன். தூசி சேராம இருமல் வந்து, கடைசியில நானும் துப்பாக்கிக் கடைக்கே வந்துட்டேன். அவரு துப்பாக்கியைக் கழட்டுவாரு, உள்ள தோட்டா இல்லைன்னு ரெண்டு தரம் பாப்பாரு, துணி சுத்தின கம்பியைக் குழலுக்குள்ள விட்டு இழுப்பாரு. நான் துணி வெட்டி, மருந்துல நனைச்சு எடுத்துக் குடுப்பேன். எந்தக் குழலுக்கு எந்த மருந்துங்கிறது கொஞ்ச நாள்ல என் கணக்கா ஆயிப்போச்சு.

ரைபிள் குழலுக்குள்ள கோடு கோடா வரி ஓடும். அந்த வரியில கரி, செம்பு, பழைய கிரீசு எல்லாம் ஒட்டிக்கிடும். ஒண்ணொண்ணுக்கும் ஒரு மருந்து. பழைய பட்டாளத் தோட்டா சுட்ட குழலுக்கு வெந்நீர்தான், அதுல இருக்கிற உப்பு எண்ணெயில கரையாது, விட்டுட்டா ஒரே வாரத்துல துரு. பச்சையா செம்புக்கறை தெரிஞ்சா அமோனியா, அதுவும் கால் மணி நேரத்துக்கு மேல விடக்கூடாது, குழலையே தின்னுரும். அமோனியாவைத் திறந்தா கண்ணு எரிஞ்சு நாமளே எந்திரிச்சு ஓடுவோம். சாதாரண அழுக்குக்கு மண்ணெண்ணெய். கல்லா இறுகிப்போன கிரீசுக்குத்தான் சாமி பெட்ரோல் வாங்கி வச்சிருந்தாரு. எனக்கும் சாமிக்கும் சண்டையே அந்தப் பெட்ரோலாலதான். செவுத்துக்கு அந்தப் பக்கம் சாயாக்கடை அடுப்பு, இந்தப் பக்கம் பெட்ரோல், நடுவுல பீடியும் கையுமா எங்க வீட்டு ஆளு. சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வத்திச்சு.

எண்பத்திரண்டு எலெக்ஷனுக்கு எல்லாரும் துப்பாக்கியை ஒப்படைக்கணும்னு உத்தரவு வந்துச்சு. எங்க கடைக்கு மட்டும் முப்பத்தெட்டு வந்துச்சு. மலையில எஸ்டேட் வச்சிருக்கவங்களோட ரைபிளுங்கதான் பாதி, வருசக்கணக்கா கிரீசு தடவி மூலையில போட்டது. எலெக்ஷன் முடிஞ்சு திருப்பிக் குடுக்கும்போது சுத்தமா குடுக்கணும்னு சாமி ஏத்துக்கிட்டாரு. ஜூன் பொறந்துருச்சு, மழையும் பிடிச்சுக்கிச்சு. அந்த ஈரத்துல குழலைத் திறந்து வச்சா காலையில வச்சது சாயங்காலம் செவந்து கெடக்கும்.

மொத நாளே அது நடந்துருச்சு. பெட்ரோல்ல நனைச்ச துணி அவரு கையில. பீடியை வாசல்லயே போட்டுட்டுத்தான் வந்தாரு, ஆனா சாயாக்கடைக்காரன் அடுப்பைக் கிளறினதுல ஒரு பொறி ஜன்னல் வழியா வந்துச்சு. பக்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். மொழங்கை வரைக்கும் தீ ஏறி எறங்கிச்சு. அவரு துணியை ஒதறிக் காலால மிதிச்சு அணைச்சுட்டு, மசுருதான் கருகிச்சுன்னு சிரிக்காரு. நான் எந்திரிக்க முடியாம உக்காந்தே இருந்தேன்.

சாமிகிட்ட ஒரே பேச்சுதான் பேசினேன். எரியாத மருந்து ஒண்ணு வாங்கித் தாங்க, இல்லைன்னா நாங்க ரெண்டு பேரும் நாளைக்கு வரலைன்னேன். முப்பத்தெட்டு துப்பாக்கியை வச்சுக்கிட்டு அவரு என்ன செய்வாரு, போய் வாங்கிக்கோன்னு சொல்லிட்டாரு. தோப்பும்படியில துணிக்கு டிரை கிளீனிங் பண்ற கடையில சுப்புராஜுன்னு கம்பத்துக்காரர் ஒருத்தர் இருந்தாரு. எண்ணெய்க் கறையை எடுக்க எரியாத தண்ணி ஒண்ணு அவங்ககிட்ட உண்டுன்னு கேள்விப்பட்டிருந்தேன். நேரா அவருகிட்டப் போனேன்.

அவரு ஒரு மூடியில கொஞ்சம் ஊத்திக் காட்டினாரு. தண்ணி மாதிரிதான் இருந்துச்சு, தூக்கினா மட்டும் நல்ல கனம். நான் அவருகிட்டயே தீப்பெட்டி வாங்கி, குச்சியைக் கிழிச்சு அதுக்குள்ள போட்டேன். சொய்ங்னு அணைஞ்சுருச்சு. இன்னொண்ணு போட்டேன், அதுவும் அணைஞ்சுருச்சு. எங்க ஊர்ல எந்த மருந்தையும் குச்சியை வச்சுத்தான் நம்புவோம். பிடிக்கலைன்னா நல்லது, பிடிச்சா கெட்டது. அதுக்கு மேல கேக்க எனக்குத் தோணலை. சுப்புராஜ் அண்ணாச்சி சொல்லத்தான் செஞ்சாரு, "தாயி, ஜன்னலைத் தொறந்து வச்சுக்கிட்டுப் பொழங்கணும், மோந்துக்கிட்டே இருக்கக்கூடாது"ன்னு. சரி சரின்னு தலையை ஆட்டிட்டு டின்னைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

ஜன்னலை எங்கிட்டுத் தொறக்க? குழலை வெளியில எடுத்தா தெருவுல போறவன் கண்ணுல படக்கூடாது, கதவை உள்தாழ் போடணும்னு போலீசுக்காரங்க சாமிக்குச் சொல்லி வச்சிருந்தாங்க. ஜன்னலைத் தொறந்தா மழைச்சாரல் குழல்ல படும். அதுக்கு மேல அந்தச் சாயாக்கடைப் பொறி. வேலை பாக்கிற பின்னறையில எல்லாத்தையும் அடைச்சு, ஜன்னலுக்குக் கீழ இருக்கிற சந்துல சாக்கை வேற திணிச்சேன், என் கையாலதான். மருந்துக்கு லேசா ஒரு இனிப்பு வாடை உண்டு. பக்கத்துல மூட்டை மூட்டையா சுக்கும் மொளகும் கெடக்கிற எடத்துல அது யாருக்குத் தெரியும்?

வேலை என்னமோ பறந்துச்சு. கிரீசு அப்படியே வழிஞ்சு ஓடிச்சு, குழல் ஒடனே காஞ்சுரும், எண்ணெய் தடவி வச்சுரலாம். நான் துணி வெட்டிக்கிட்டே வாய்க்குள்ள பாடக்கூடச் செஞ்சேன். எனக்குத் தலைவலி இருந்துச்சு, மதியச் சோறு ஒப்பலை. வெறும் வயித்துல சாயா குடிக்கதாலன்னு நெனச்சுக்கிட்டேன்.

மூணாம் நாளு அவரு கம்பியை இழுக்கையில தள்ளாடுனாரு. எனக்கு எங்க இருந்துதான் வந்துச்சோ கோபம். "பகல்லயே ஊத்திக்கிட்டு வந்துட்டீகளாக்கும், துப்பாக்கி வச்சிருக்கிற எடத்துல"ன்னு பிடிச்சு வாங்கினேன். அவரு தெனம் சாயங்காலம் ராமருன்னு பஜாருல மூட்டை தூக்குற ஒரு சுமட்டுக்காரன் கூடச் சாராயம் குடிப்பாரு, ரெண்டு கிளாஸ். பகல்ல தொடமாட்டாரு, அதுவும் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கத்தினேன். அவரு செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டு மறுபடியும் கம்பியை எடுத்தாரு.

சனிக்கிழமை வாந்தி. ஞாயித்துக்கிழமை விடிஞ்சு பாத்தா கண்ணு ரெண்டும் மஞ்சள். தூக்கி ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். அங்கதான் பேரைக் கேட்டாங்க, அங்கதான் சாராயம்னு சொன்னேன். கள்ளச்சாராயத்துல என்னத்தையாவது கலந்திருப்பான்னு அவங்களும் நெனச்சாங்க. வாந்தியெடுத்து ஒடம்பு வத்திக் கெடக்குன்னு கையில ஊசி போட்டுக் குளுக்கோசுத் தண்ணி ஏத்தினாங்க. ஒரு பாட்டில் முடிய இன்னொரு பாட்டில்.

திங்கக்கெழமை காலையில சோறு எடுக்கப்போறேன்னு சொல்லிட்டு நேரா பஜாருக்குப் போனேன். அந்த ராமரைத் தெருவுல நிறுத்தி நாலு கேள்வி கேக்காட்டி என் மனசு ஆறாது. போய்ப் பாத்தா அவன் ஒரு மொளகு மூட்டையை முதுகுல வச்சுக்கிட்டு பலகை மேல ஏறிக்கிட்டிருக்கான். மூட்டையைப் போட்டுட்டு எறங்கி வந்து, "அண்ணனுக்கு எப்படி இருக்கு அக்கா?"ங்கான்.

"அவருக்கு என்னத்தை வாங்கிக் குடுத்தே நீ?"

"நான் என்ன தனியா வாங்கிக் குடுத்தேன்? ஒரே குப்பிதானே அக்கா. அண்ணன் ரெண்டு கிளாஸ், நான் மூணு. எனக்கு ஒண்ணும் இல்லையே."

அவன் கண்ணைப் பாத்தேன். வெள்ளையா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை கடைப்பக்கம் போகாம ஆஸ்பத்திரியில இருந்தப்ப என் தலைவலி நின்னுபோனது அந்த நேரத்துலதான் புத்தியில தட்டிச்சு.

கடையில சாமி மட்டும் இருந்தாரு. பின்னறையைத் தொறந்து உள்ள போனேன். சனிக்கிழமை அவசரத்துல டின்னு மூடியைச் சரியா திருகலை. ரெண்டு நாளா அடைச்சுக் கெடந்த அறையில இனிப்பா நின்னுச்சு அந்த வாடை. பத்து நிமிசம் நின்னிருப்பேன், நெத்தியில ஆணி அறைஞ்ச மாதிரி அதே வலி. செவுத்தைப் பிடிச்சேன். அவரு பிடிச்சு நின்ன அதே செவுரு. ஒரு சின்னக் குப்பியில கொஞ்சம் ஊத்தி இறுக்கி மூடி, மடியில சொருகிக்கிட்டு வெளிய வந்தேன்.

ராமரு சொன்னதையும் என் தலைவலியையும் சொன்னதும் சாமிக்கு ஒடனே புரிஞ்சுருச்சு. மொகம் வெளுத்துப்போச்சு. "வீரலக்ஷ்மி, இதை ஆஸ்பத்திரியில போய்ப் பறயாதே, கேட்டயா. பெட்ரோலுக்குக் கடலாசு, லைசன்ஸ் எல்லாம் இருக்கு, இதுக்கு ஒண்ணும் இல்லை. போலீசு வந்தா கடைக்குப் பூட்டு. உள்ள இருக்கிற துப்பாக்கிக்கெல்லாம் நானாக்கும் உத்தரவாதம். சாராயம்னே இருக்கட்டும். வைத்தியம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே?" பெறகு கொஞ்சம் தணிஞ்சு, "வாங்கச் சொன்னதும் நீ, வாங்கிண்டு வந்ததும் நீ"ன்னாரு.

சாமி மேல பழி போட்டுத் தப்பிக்க எனக்கு ஆசைதான். ஆனா அவருக்காக நான் வாயை மூடலை. அந்தக் கடைசிப் பேச்சுக்காகத்தான் மூடினேன். என் புருசனுக்கு நானே என் கையால விஷத்தை நனைச்சு நனைச்சுக் குடுத்திருக்கேன், ஜன்னல் சந்துல சாக்கை வேற அடைச்சுக் குடுத்திருக்கேன். இதை எந்த வாயால சொல்ல? மாமியார்கிட்ட என்ன சொல்ல? ஜெயிலுக்குக் கொண்டு போவாங்களோ? சாமி சொல்ற மாதிரி வைத்தியம் எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் இருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நடக்கிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கிட்டு வந்தேன்.

மத்தியானம் கமலாக்ஷி டாக்டர் வந்தாங்க. வயித்தை அமுக்கிப் பாத்தாங்க, கண்ணை விரிச்சுப் பாத்தாங்க. நேத்தையில இருந்து மூத்திரம் போனாரான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். சாராயம் தவிர வேற ஏதாவது உண்டோன்னு கேட்டாங்க. மடியில குப்பி சில்லுன்னு குத்துது. ஒண்ணும் இல்லைன்னேன். அவங்க என்னை ஒரு தரம் நின்னு பாத்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் அவரு கண்ணு முன்னால வீங்க ஆரம்பிச்சாரு. கால்ல விரலால அமுக்கினா குழி அப்படியே நிக்குது. மூணு மணிக்கு மல்லாக்கப் படுக்க முடியலை, உக்காரவைக்கச் சொன்னாரு. நாலு மணிக்கு மூச்சு விட்டா நெஞ்சுக்குள்ள சோத்துப்பானை கொதிக்கிற மாதிரி சத்தம். என் கையைப் பிடிச்சிருந்தாரு, அந்தப் பிடியில பலமே இல்லை. மேல தொங்கின பாட்டில் காலி ஆயிருச்சு. சிஸ்டர் புதுசா ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்தாங்க.

அந்தப் பாட்டிலைப் பாத்ததும் எனக்குள்ள என்னமோ ஒடைஞ்சுருச்சு. சிஸ்டர் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன். "ஏத்தாதீங்க சேச்சி. இது சாராயம் இல்லை. நான் பொய் சொல்லிட்டேன், டாக்டரைக் கூப்பிடுங்க"ன்னு கதறினேன். வார்டே திரும்பிப் பாத்துச்சு. டாக்டர் ஓடி வந்தாங்க. குப்பியைக் குடுத்தேன். மூடியைத் தொறந்து தூரத்துல வச்சுக் கையால விசிறி ஒரு தரம் மோந்தாங்க, ஒடனே மூடிட்டாங்க.

"எத்தனை நாள்?"

"ஆறு நாளு. அறையை அடைச்சு வச்சு."

"தெனம் சாராயமும் குடிச்சாரா?"

"ரெண்டு கிளாஸ்."

கார்பன் டெட்ராகுளோரைடுன்னு ஒரு பேரு சொன்னாங்க. இது ஈரலையும் கிட்னியையும் பிடிக்கும், மூச்சு வழியாவே பிடிக்கும், சாராயம் உள்ள கெடந்தா பத்து மடங்கு பிடிக்கும்னாங்க. "கிட்னி நின்னு போன ஆளுக்கு நாங்க தண்ணி ஏத்திக்கிட்டிருக்கோம். அது போக வழியில்லாம நெஞ்சுல போய் நிக்குது. நான் மத்தியானமே உன்கிட்ட கேட்டேனே." சத்தம் போட்டுக்கூடச் சொல்லலை. அடிச்சிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. அடுத்த நிமிசம் ஊசியைக் கழட்டச் சொல்லிட்டு, கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்கு வண்டி சொன்னாங்க. அந்த அறையில வேற யாரு இருந்தான்னு கேட்டு என் கண்ணையும் விரிச்சுப் பாத்தாங்க. நீ குடிக்காதவ, அதனால பொழைச்சேன்னாங்க.

சாமி ரெண்டு நாள் கழிச்சுக் கோட்டயத்துக்கு வந்து வெளியில நின்னாரு. பின்னறை ஜன்னலைப் பேத்துக் கம்பி போட்டுட்டேன், டின்னைச் சுப்புராஜுகிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன், இனி மண்ணெண்ணெய் மட்டும்தான்னாரு. போலீசுக்கும் அவரே போய்ச் சொல்லிட்டாராம். நான் கேட்டுக்கிட்டு நின்னேன். மறுபடியும் அந்த அறைக்குள்ள நான் கால் வைப்பேனான்னு எனக்கே தெரியலை.

உள்ள எங்க வீட்டுக்காரரு வயித்துல ஓட்டை போட்டுக் குழாய் விட்டிருந்தாங்க. ஒரு மருந்துத் தண்ணியை உள்ள விட்டு, ரத்தத்துல இருக்கிற அழுக்கை அதுல இழுத்து வெளிய எடுத்தாங்க. கட்டிலுக்குக் கீழ ஒரு மூத்திரக் குப்பி. தெனமும் காலையில அதைத் தூக்கி வெளிச்சத்துல பாப்பேன். ஒரு சொட்டு இருக்காது. நாலு நாள், அஞ்சு நாள், எட்டு நாள். கிட்னி திரும்பினா திரும்பும், திரும்பலைன்னா ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னு அங்க இருந்த டாக்டர் சொல்லிட்டாரு. தாலியைக் கண்ணுல ஒத்தக்கூடப் பயந்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில குப்பியைத் தூக்கினேன், கனம் தெரிஞ்சுச்சு. அரை சாயா கிளாஸ் அளவுகூட இருக்காது, கறுத்துப்போய்க் கலங்கலா இருந்துச்சு. அதை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வராந்தாவுல ஓடினேன். வழியில யாரு மொகம் சுளிச்சா எனக்கென்ன? டாக்டர் பாத்துட்டு, கிட்னி திரும்பிருச்சு, இனி மூத்திரம் கூடும்னாரு.

கட்டிலுக்குத் திரும்பி வந்து அன்னைக்குத்தான் அவருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சாராயம் இல்லைங்க, நான் வாங்கின மருந்துதான், நான் அடைச்ச ஜன்னல்தான், தெரிஞ்ச பெறகும் ஒரு பகல் முழுக்க டாக்டர்கிட்ட மறைச்சேன்னு சொல்லி முடிச்சேன். திட்டுவாரு, மொகத்தைத் திருப்பிக்குவாருன்னு காத்திருந்தேன்.

"மருந்துதான்னு எனக்கு மூணாம் நாளே தெரியும்"னாரு.

எப்படின்னு கேட்டேன்.

"டின்னைத் தொறந்தா தலை சுத்தும். வெளிய போய் நின்னா தெளியும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேணும்?"

"பெறகு ஏன் சொல்லலை? நான் அன்னைக்கு அந்தத் திட்டு திட்டினேனே, அப்பக்கூட ஏன் சொல்லலை?"

"சொன்னா மறுபடியும் பெட்ரோல்தான் வரும். நீ மறுபடியும் நடுங்கிக்கிட்டு உக்காந்திருப்ப. கல்யாணமாகி ஆறு வருசத்துல அந்த வாரந்தான் நீ பயமில்லாம இருந்து நான் பாத்தேன். முப்பத்தெட்டையும் முடிச்சுட்டுச் சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

கோபமா அழுகையான்னு தெரியலை, கட்டில் கம்பியில ஓங்கி ஒரு அடி அடிச்சேன், கைதான் வலிச்சுச்சு. "நான் பயப்படுவேன். சாகுற வரைக்கும் பயந்துக்கிட்டேதான் இருப்பேன், அது என் பாடு. அதுக்காக நீங்க வாயை மூடிக்கிட்டுச் சாவீகளா? என்ன செஞ்சாலும் இனிமே என்கிட்டச் சொல்லணும்"னேன்.

சரின்னு தலையை ஆட்டினாரு.

"இப்பச் சொல்லுங்க. ஒடம்புக்கு என்ன செய்யுது?"

என் பக்கம் திரும்பி, "பயமா இருக்கு வீரு"ன்னாரு.